மரம் நட்டுக் கெட்ட மலை: நீலகிரிக் காடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் குடியிருப்பதால் எங்கள் வீட்டில் விருந்தாளிகளுக்குப் பஞ்சமே இல்லை. வண்டியை விட்டு இறங்கியதும் "என்ன அருமையான காடு!" என்பார்கள். இரண்டு நாள் சுற்றிக் காட்டியதும் அதே வாய் "இது காடே இல்லையா?" என்று கேட்கும். அதன் பிறகு வரும் கேள்விகள் அநேகமாக ஒன்றேதான். ஒவ்வொரு தடவையும் தொண்டை வறளப் பேசுவதற்குப் பதில் எழுதி வைத்துவிட்டால் கேட்கிறவர்களுக்கு அனுப்பிவிடலாமே என்று இதைத் தொகுத்தேன்.

ஊட்டிக்கு ஏறும் வழியெல்லாம் மரம்தானே? அதுதானே நீலகிரிக் காடு?

பாதி சரி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலைச் சரிவில் பார்ப்பது பெரும்பாலும் காடுதான். அதற்கு மேலே ஊட்டியைச் சுற்றி வரிசையாக நிற்கிற உயரமான மரங்கள், யாரோ நட்ட தோட்டம். பட்டை உரிந்து நாடா நாடாகத் தொங்கினால் அது கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ். இறகு மாதிரி இலையும் வெளிர் மஞ்சள் பூவும் இருந்தால் சீகை. இதைத்தான் வாட்டில் என்பார்கள். நாம் தலைக்குத் தேய்க்கும் சீயக்காய்க்குத் தூரத்துச் சொந்தம். இரண்டுமே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. சினிமாவில் நாயகன் ஓடி ஒளியும் பைன் தோப்பும் வெளியூர்ச் சரக்குதான்.

இந்த மலையின் சொந்த முகம் வேறு. ஏறக்குறைய 1,800 மீட்டருக்கு மேலே போனால் மேடுகள் முழுக்கப் புல். மலை மடிப்புகளில், தண்ணீர் இறங்கும் பள்ளங்களில் மட்டும் திட்டுத் திட்டாக மரக்கூட்டம். அந்த மரக்கூட்டம்தான் சோலை. தமிழிலிருந்து எடுத்த இந்தச் சொல்லையே தாவரவியல்காரர்களும் உலகம் முழுக்க எழுதுகிறார்கள். சோலை மரங்கள் நெடுநெடுவென்று வளர்வதில்லை. குட்டையாக, குடை கவிழ்த்த மாதிரி இருக்கும். தண்டில் பாசி, கிளையில் ஆர்க்கிட். கொழுந்து விடும் காலத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் செம்பு நிறமாகத் தெரியும்.

புல்வெளி என்றால் மரத்தை வெட்டிவிட்டு உண்டானதுதானே?

எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். நூற்றைம்பது ஆண்டுகளாக அதிகாரத்தில் இருந்தவர்கள் பலரும் இப்படித்தான் நினைத்தார்கள். மலை பட்ட பாட்டுக்கு மூல காரணமே இந்த நினைப்புதான் என்பது என் கட்சி.

உண்மை என்ன என்பதற்குச் சதுப்பே சாட்சி. ஊட்டிப் பக்கத்துச் சதுப்பு நிலங்களின் அடியில் மக்கி முடிக்காத கரிமண் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. புல்லும் மரமும் காற்றிலிருந்து கரியை, அதாவது கார்பனை, எடுக்கும் விதம் வேறு வேறு. அந்த வித்தியாசம் கரிமண்ணில் அப்படியே பதிந்து கிடக்கும். அடுக்கை அடுக்காக எடுத்துப் பார்த்தபோது 20,000 ஆண்டுகளுக்கு முன்பும் இங்கே புல் இருந்தது தெரிந்தது. ஈரமான காலங்களில் மரம் கொஞ்சம் முன்னேறியிருக்கிறது, வறண்ட காலங்களில் புல் முன்னேறியிருக்கிறது. மனிதன் கோடரியோடு வருவதற்கு வெகு காலம் முன்பே நடந்துகொண்டிருந்த இழுபறி இது.

மரம் ஏன் மேட்டில் ஏறவில்லை என்றால் பெரிய காரணம் உறைபனி. ஜனவரி மாதம் விடியற்காலையில் புல்வெளியில் நடந்தால் காலடியில் மொறுமொறு என்று சத்தம் கேட்கும். சோலை மரத்தின் கன்று அந்தக் குளிரில் கருகிவிடும். தாய் மரத்தின் நிழலில் முளைத்தால்தான் பிழைக்கும். ஆஸ்திரேலிய மரங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன் இந்தக் காட்டை யார் பராமரித்தார்கள்?

'பராமரிப்பு' என்று யாரும் பெயர் வைத்துச் செய்யவில்லை. ஆனால் யார் எங்கே என்ன செய்யலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மேட்டுப் புல்வெளி தோடர்களுக்கும் அவர்களுடைய எருமைகளுக்கும். மந்து என்று சொல்லும் அவர்களுடைய குடியிருப்புகள் பெரும்பாலும் சோலை ஓரத்தில், தண்ணீர் பக்கத்தில் இருக்கும். படகர்கள் ஹட்டி என்கிற தங்கள் ஊர்களில் குடியிருந்து சாமை, கேழ்வரகு பயிரிட்டார்கள். கோத்தர்கள் இரும்பு, மண்பாண்டம், இசை. சரிவுக் காடுகளில் குறும்பர்களும் இருளர்களும் தேன் எடுத்தார்கள், கிழங்கு தோண்டினார்கள், சிறு துண்டு நிலங்களைத் திருத்தி விதைத்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தார்கள். நெய், தானியம், கத்தி, தேன் எல்லாம் இவர்களுக்குள் கைமாறிக்கொண்டே இருந்தன.

தோடர்கள் கோடையில் காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பார்கள். பழசு எரிந்து போனால் மழைக்கு இளம்புல் துளிர்க்கும், எருமை மேயும். ஈரம் ததும்பும் சோலைக்குள் அந்தத் தீ சுலபத்தில் நுழையாது, ஓரத்திலேயே அணைந்துவிடும். அவர்களுடைய கோயில், பாதிப் பீப்பாயைக் கவிழ்த்த மாதிரி வளைந்த கூரை கொண்டது. அதை வேய்வதற்குச் சதுப்பில் வளரும் ஒரு குறிப்பிட்ட புல் வேண்டும், கூரையை வளைத்துக் கட்டப் பிரம்பு வேண்டும். ஆக, சதுப்பும் சோலையும் புல்வெளியும் மூன்றும் இருந்தால்தான் கோயிலுக்குக் கூரை. இன்று அந்தப் புல்லைத் தேடி வெகு தூரம் போக வேண்டியிருக்கிறது.

அந்தக் காலத்தில் எல்லோரும் இயற்கையோடு கொஞ்சிக் குலாவினார்கள் என்று நான் சொல்லவில்லை. படகர்கள் நிலம் திருத்தினார்கள், மரமும் வெட்டினார்கள். ஆட்கள் குறைவு, கருவிகள் சின்னவை, வெட்டியதைக் கொண்டுபோய் விற்கச் சந்தை இல்லை. அதுவே பாதி பாதுகாப்பு.

அப்புறம் எப்போது மாறியது?

1819-ஜனவரியில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் சிறுமுகைப் பக்கமிருந்து மலையேறி, கோத்தகிரிக்கு அருகே திம்பட்டிக்கு வந்து சேர்ந்தார். (சிறுமுகையை நினைவில் வையுங்கள், மறுபடி வரும்.) அடுத்த சில ஆண்டுகளில் ஊட்டியில் பங்களா, ஏரி, தேவாலயம். 1852-ல் வெலிங்டனில் ராணுவக் குடியிருப்பு. காபி, அப்புறம் தேயிலை, 1860-களில் மலேரியா மருந்துக்காகத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனா.

இத்தனை பேருக்கும் குளிர் காய விறகு வேண்டும், சமைக்க விறகு வேண்டும். பங்களாவுக்கு அறைக்கு அறை கணப்படுப்பு. பக்கத்தில் இருந்தது சோலை மட்டும்தான். சோலை மரம் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும், எரியச் சில மணி நேரம் போதும். முப்பது நாற்பது ஆண்டுகளில் ஊட்டியைச் சுற்றியிருந்த சோலைகள் கண்ணெதிரே தேய்ந்தன.

சீகையையும் கற்பூர மரத்தையும் யார் கொண்டுவந்தது?

ஆஸ்திரேலியச் சீகை 1830-களிலேயே வந்துவிட்டது. 1843-ல் சென்னை ராணுவப் பொறியாளர் காட்டன் என்ற கேப்டன் கற்பூர மரத்தைக் கொண்டுவந்தார். ஆரம்பத்தில் தோட்டத்து அலங்காரம், பங்களா வேலி, அவ்வளவுதான். விறகுத் தட்டுப்பாடு முற்றியதும் அரசே நடத் தொடங்கியது. 1863-ல் ஊட்டியை ஒட்டி ஆரம்பி என்ற இடத்தில் போட்ட தோட்டம் அப்படி வந்ததுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நோக்கம் தவறில்லை. சோலையை வெட்டாமல் இருக்க, சீக்கிரம் வளர்கிற விறகு மரம் வேண்டும் என்றுதான் நட்டார்கள். ஊருக்கு விறகும் கிடைத்தது. ஆனால் எங்கே நடுவது என்று வந்தபோது யாரும் யோசிக்கவே இல்லை. 'சும்மா கிடக்கிற' புல்வெளியில்தான் நட்டார்கள். சோலையைக் காப்பாற்றப் புல்வெளியைக் கொடுத்தோம். இந்தப் பேரம் அப்போது ஆரம்பித்தது, அடுத்த நூற்றிருபது ஆண்டுகளுக்கு நிற்கவில்லை.

1882 வனச் சட்டம் என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன செய்தது?

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

சென்னை மாகாணத்தில் வனத்துறை 1856-ல் தொடங்கியது. முதல் தலைவர் ஹியூ கிளெக்ஹார்ன், ஸ்காட்லாந்து மருத்துவர், தாவரங்களில் ஈடுபாடு உள்ளவர். காட்டை எரித்து விதைக்கும் குமரி விவசாயத்தை அவர் கடுமையாக எதிர்த்தார். ரயில் தண்டவாளத்துக்குக் கட்டை, கப்பலுக்குத் தேக்கு, ராணுவத்துக்கு விறகு என்று அரசாங்கத்துக்குத் தேவை இருந்த காலம் அது.

1878-ல் இந்திய வனச் சட்டம் வந்தபோது சென்னை மாகாணம் அதை அப்படியே ஏற்கவில்லை. இங்கே இருந்த வருவாய் வாரியத்தின் வாதம் சுவாரசியமானது: இந்த மாகாணத்தில் எந்தக் காட்டை எடுத்தாலும் அது ஏதோ ஒரு கிராமத்தின் எல்லைக்குள் வருகிறது, அந்த ஊர்க்காரர்கள் காலங்காலமாக மேய்த்தும் விறகெடுத்தும் வருகிறார்கள், அதை ஒரே அடியாக அரசாங்கச் சொத்து என்று எப்படிச் சொல்ல முடியும்? வெள்ளை அதிகாரிகள் வெள்ளை அரசிடமே கேட்ட கேள்வி. சில ஆண்டுகள் இழுத்தடித்து 1882-ல் சென்னைக்கென்று தனிச் சட்டம் வந்தது. வாசகத்தில் கொஞ்சம் மென்மை இருந்தது, நடைமுறையில் பெரிய வித்தியாசம் இல்லை.

சட்டம் வேலை செய்த விதம் இது. முதலில் 4-ஆம் பிரிவின்படி 'இந்தப் பகுதியைக் காப்புக்காடு ஆக்கப் போகிறோம்' என்று அறிவிப்பு. நிலத்தின் மேல் யாருக்காவது பாத்தியதை இருந்தால் ஓர் அதிகாரி முன் வந்து சொல்ல வேண்டும். அவர் விசாரித்து முடித்ததும் 16-ஆம் பிரிவின்படி இறுதி அறிவிப்பு. அதோடு அது 'ரிசர்வ்'. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுத்தில் எதுவும் இல்லாத ஒரு குறும்பர் குடும்பம், தாத்தா காலத்திலிருந்து ஏறும் தேன் பாறையை எந்தக் காகிதத்தைக் காட்டி நிரூபிக்கும்? நேற்று வரை பழக்கமாக இருந்தது, அறிவிப்பு வந்ததும் அனுமதி கேட்டுச் செய்யும் சலுகையாகியது. அனுமதி இல்லாமல் செய்தால் குற்றம்.

தோடர்கள் புல்லுக்கு வைத்த தீயும் இதில் மாட்டிக்கொண்டது. காப்புக்காட்டில் தீ வைப்பது சட்டப்படி குற்றம். தீ நின்றதும் புல்வெளியில் புதர் ஏறியது, புதருக்குப் பின்னால் சீகை ஏறியது. கெடுதல் செய்ய வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. நெருப்பு என்றால் காட்டுக்குப் பகை என்று ஐரோப்பாவில் படித்துவிட்டு வந்த பாடம் அது, இந்த மலைக்குப் பொருந்தவில்லை.

இன்றைக்கும் தமிழ்நாட்டுக் காப்புக்காடுகளுக்கு அடிப்படை அந்த 1882 சட்டம்தான். சர்வே கல்லைத் தேடிக்கொண்டு அலுவலகத்துக்கு அலைகிறவர்களுக்கு அந்த 4-ஆம் பிரிவும் 16-ஆம் பிரிவும் மனப்பாடம்.

ஷூட்டிங் எடுக்கிற அந்தப் பச்சைப் புல்மேடு எப்படித் தப்பியது?

வேட்டையால்! கூடலூர் சாலையில் ஒன்பதாவது மைல் பக்கம் பார்க்கிற அந்த மேடுகளை வென்லாக் டவுன்ஸ் என்பார்கள். கவர்னர் ஒருவரின் பெயர். வெள்ளைக்காரத் துரைமார் குதிரையில் நாய்களோடு நரியைத் துரத்தி விளையாட அந்தத் திறந்தவெளி வேண்டியிருந்தது. அதனால் மரம் நடாமல் விட்டார்கள். அதற்கும் முன்பே, 1879-ல், நீலகிரிக்கென்றே வேட்டை விலங்குகளுக்கும் மீன்களுக்கும் ஒரு பாதுகாப்புச் சட்டம் போட்டிருந்தார்கள். தாங்கள் சுடுவதற்கு மிச்சம் இருக்க வேண்டுமே. வரையாடு இந்த மலையில் இன்னும் இருப்பதில் அந்தச் சட்டத்துக்கும் பங்கு உண்டு. காரணம் அற்பம்தான், பலன் நமக்கு.

அப்படித் தப்பிய வென்லாக் டவுன்ஸும் பின்னாளில் போட்டோ பிலிம் தொழிற்சாலை, கோல்ஃப் மைதானம், ஆட்டுப் பண்ணை, தோப்பு என்று துண்டு துண்டாகக் குறைந்தது. மிச்சத்தில்தான் இப்போது டூயட் பாடுகிறார்கள்.

சுதந்திரம் வந்த பிறகாவது நிலைமை மாறியதா?

மாறியது, மோசமாக. புல்வெளிக்கு வந்த பெரிய அடி வெள்ளைக்காரன் காலத்தில் விழுந்தது என்று பழியை அவன் தலையில் கட்டிவிட்டுப் போக ஆசைதான். நடந்தது அப்படி இல்லை. 1950-களிலிருந்து 80-கள் வரை, நம் ஐந்தாண்டுத் திட்டங்களின் காலத்தில் போட்ட சீகைத் தோட்டமும் கற்பூரத் தோட்டமும்தான் மேல் பீடபூமியை மூடின.

காரணங்கள் அந்தக் காலத்துக்கு நியாயமானவையாகத்தான் தெரிந்தன. முதலாவது தோல். வாணியம்பாடி, ஆம்பூர், திண்டுக்கல் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் முன்பு ஆவாரம் பட்டையைப் போட்டுத் தோல் பதனிட்டார்கள். பின்னர் தென்னாப்பிரிக்காவிலிருந்து சீகைப் பட்டை இறக்குமதி செய்தார்கள். அந்நியச் செலாவணி தட்டுப்பாடான நாட்கள். 'நம் மலையிலேயே வளருமே' என்று கறுப்புச் சீகையை ஏக்கர் ஏக்கராகப் போட்டார்கள். இரண்டாவது துணி. சிறுமுகையில் விஸ்கோஸ் ஆலை வந்தது. மரத்தைக் கூழாக்கி ரேயான் நூல் எடுக்கும் ஆலை. சல்லிவன் ஏறிய அதே ஊருக்கு, நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, மலையிலிருந்து கட்டைகள் லாரி லாரியாக இறங்கின. மூன்றாவது மின்சாரம். 1932-ல் பைக்காரா, 1950-களின் நடுவிலிருந்து கனடா நாட்டு உதவியோடு குந்தா திட்டம். எமரால்டு, அவலாஞ்சி, அப்பர் பவானி என்று புல்வெளிப் பள்ளத்தாக்குகள் நீர்த்தேக்கங்களாயின. அணையில் மண் சேரக் கூடாது, ஆகவே சுற்றிலும் மரம் நடு என்றார்கள்.

வனத்துறைக் கணக்கில் புல்வெளிக்கு வருமானம் கிடையாது. ஆகவே அது தரிசு. தரிசில் மரம் நட்டால் சாதனை. அவ்வளவு எளிமையான கணக்கு. 1973 முதல் எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியானது. நீலகிரி, பழனி, ஆனைமலை உச்சிகளில் சோலை பெரிதாகக் குறையவில்லை, காணாமல் போனது பெரும்பாலும் புல்வெளி, அந்த இடத்தைப் பிடித்தது நட்ட மரம் என்று அது சொன்னது. மேலே போய்ப் பார்க்கிற யாருக்கும் இது ஆச்சரியம் தராது.

கற்பூர மரம் தண்ணீரை உறிஞ்சிவிடும் என்பது உண்மையா, கட்டுக்கதையா?

இதற்கு ஊட்டியிலேயே அளந்து பார்த்த கணக்கு இருக்கிறது. இங்குள்ள மத்திய மண்வள ஆராய்ச்சி நிலையம் கிளன்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டது. ஒன்றைப் புல்லும் சோலையுமாக அப்படியே விட்டார்கள். மற்றதில் 59 சதவீத நிலத்தில் கற்பூர மரம் வைத்தார்கள். முதல் பத்தாண்டில் மரம் வைத்த பக்கம் ஓடைத் தண்ணீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய பிறகு அடிமரத்திலிருந்து துளிர்த்து வந்த இரண்டாம் சுற்றில் இன்னும் அதிகமாகக் குறைந்தது.

ஆக, கட்டுக்கதை இல்லை. ஆனால் 'ஒரு மரம் ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கணக்கை எனக்கு அனுப்பாதீர்கள்.

தேயிலைத் தோட்டத்துக்கும் வனத்துறைக்கும் என்ன சம்பந்தம்?

தனியார் தோட்டங்களைப் பற்றிக் கேட்டால் அது வேறு கதை. அரசுத் தேயிலைக் கழகமான டான்டீ பிறந்ததே வனத்துறையில்தான். 1964-ல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டு, இலங்கை மலையகத்தில் தலைமுறைகளாகக் கொழுந்து பறித்த தமிழர்கள் லட்சக்கணக்கில் இங்கே அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் வனத்துறையின் கீழ் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதற்காகக் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கங்களில் காட்டு நிலத்தைத் திருத்தினார்கள்.

இதை 'காட்டை அழித்தார்கள்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஒரு நாடு வேண்டாம் என்று தள்ளி, இன்னொரு நாட்டில் யாரையும் தெரியாமல் வந்து இறங்கியவர்களுக்கு லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் ஓர் அறையும் தினக்கூலியும் கிடைத்த இடம் அது. இப்போது நட்டத்தில் ஓடும் தோட்டங்களில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் லயத்தைக் காலி செய்துவிட்டு எங்கே போவது என்று கேட்கிறார்கள். மரத்தைப் போல மனிதரை ஓரிடத்தில் நட்டுவிட்டு, பிறகு பிடுங்குவது சுலபமில்லை.

கூடலூர் வழக்கு என்கிறார்களே?

இந்தியா முழுக்க எங்கே காட்டில் கை வைத்தாலும் அடிபடும் பெயர் கோதவர்மன் வழக்கு. அது தொடங்கியது நம் கூடலூரில்தான். அந்தப் பகுதி நிலம் பெரும்பாலும் கேரளத்து அரச குடும்பமான நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்மி நிலம், அதாவது பரம்பரைச் சொத்து. 1969-ல் தமிழ்நாடு அரசு ஜென்ம ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. சுமார் 80,000 ஏக்கர், எது காடு, எது தோட்டம், எது பட்டா என்று முடிவாகாமல் வழக்கிலேயே கிடந்தது. இடையில் மரங்கள் விழுந்துகொண்டிருந்தன. கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 12-ல் வந்த உத்தரவு, காடு என்றால் அகராதியில் என்ன பொருளோ அதுதான், யார் பெயரில் இருந்தாலும் சரி என்று சொல்லிவிட்டது. காட்டுக்குள் அனுமதி இல்லாமல் ஓடிய மரம் அறுக்கும் மில்களை நாடு முழுக்க நிறுத்தச் சொன்னது.

சட்டப் புத்தகத்தில் இது மைல்கல். கூடலூரில் சின்னதாகக் கொஞ்சம் நிலம் வைத்துக்கொண்டு, பட்டாவும் கிடைக்காமல் மின் இணைப்பும் கிடைக்காமல் காத்திருப்பவர்களிடம் இதைக் கொண்டாட்டமாகச் சொல்லிப் பாருங்கள், என்ன பதில் வரும் என்று தெரியும்.

என் சொந்த நிலத்தில் உள்ள மரத்தை நானே வெட்டலாமா?

கூடாது. மலைப் பகுதிகளில் மரப் பாதுகாப்புக்கு 1955-லேயே சட்டம் இருக்கிறது. விண்ணப்பம் போட்டு, கலெக்டர் தலைமையிலான குழுவின் அனுமதி வாங்க வேண்டும். வீட்டு மேல் சாய்ந்த மரத்துக்கும் காகிதம் வேண்டும்.

புலிகள் காப்பகம் வந்ததால் நல்லதா, கெட்டதா?

யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முதுமலை 1940-லேயே சரணாலயம். அதற்கு முன் அது தேக்கு வெட்டி எடுக்கும் கூப்பு. தெப்பக்காடு யானை முகாமில் இருந்த யானைகளுக்கு அன்று கட்டை இழுப்பதுதான் உத்தியோகம். 1986-ல் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம், நாட்டிலேயே முதலாவது. 2007-ல் முதுமலை புலிகள் காப்பகமாகியது. மேலே முக்குறுத்தியில் வரையாட்டுக்காக 78 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா.

வெட்டுவது நின்றது, விலங்குகள் பெருகின. கோத்தகிரியில் காலை நடை போகிறவர்கள் காட்டுமாட்டுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பது இப்போது செய்தியே இல்லை. இன்னொரு பக்கம், முதுமலைக்குள் இருந்த குடியிருப்புகள் சில வெளியே மாற்றப்பட்டன. சீகூர் யானை வழித்தடத்தில் 2020-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு விடுதிகளை மூடச் சொன்னது. 2006 வன உரிமைச் சட்டம், 1882-ல் சலுகையாகிப் போனதை மறுபடி உரிமை என்று அழைத்தது. தமிழ்நாட்டில் அது நீதிமன்றத் தடையில் பல ஆண்டுகள் சிக்கி, 2016-க்குப் பிறகுதான் மெல்ல நகர்கிறது. தேன் எடுக்கப் போகிற பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "முன்னே ரேஞ்சருக்குப் பயம், இப்ப கேமராவுக்கும் பயம்."

அந்நிய மரம்தானே, எல்லாவற்றையும் வெட்டித் தள்ளிவிட்டால் என்ன?

நானும் அப்படித்தான் வீராப்பாகக் கிளம்பினேன். சில ஆண்டுகளுக்கு முன் எமரால்டு பக்கம், சீகை வெட்டிய ஒரு சரிவில் கன்று பிடுங்கப் போனோம். மழை பெய்து ஓய்ந்த நேரம். தூரத்திலிருந்து பச்சைப் புல் என்று நினைத்தோம். கிட்டே போனால் புல் இல்லை, அத்தனையும் விரல் உயரச் சீகை முளை. வெந்தயக் கீரைப் பாத்தி மாதிரி. உள்ளங்கை அகலத்தில் எண்ணினேன், பதினாறு. ஈர மண்ணில் சுலபமாகத்தான் வருகிறது, இழுத்தால் வேரோடு வரும். ஆறு பேர், மதியம் வரை குனிந்து பிடுங்கி நிமிர்ந்து பார்த்தால் ஒரு கல்யாணப் பந்தல் அளவு இடம். அடுத்த மழைக்கு அதே இடத்தில் மறுபடி முளைத்திருந்தது.

விஷயம் என்னவென்றால் சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மேலே மரம் போய் வெயில் பட்டதும், அல்லது தீ பட்டதும், மொத்தமாக எழும். ஒரு தடவை வெட்டுவது வேலையில் கால்வாசிகூட இல்லை. ஆண்டுக்கு ஆண்டு வந்து பிடுங்க வேண்டும். மரம் வெட்டப் பணம் ஒதுக்குவார்கள், பத்து வருடம் களை பிடுங்கப் பணம் ஒதுக்குவது யார்? ஊட்டிப் புல்வெளிகளில் மஞ்சள் பூ பூக்கும் முள் புதர்களுக்கும் இதே கதை. கீழே முதுமலையில் உண்ணிச்செடியும் மஞ்சள் கொன்றையும். 2022-ல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கையே வெளியிட்டது. மஞ்சள் கொன்றையை அரசுக் காகித ஆலைக்கு வெட்டி அனுப்புகிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வயதான சீகைத் தோப்பு சிலவற்றுக்குள் போய்ப் பார்த்தால், அந்த நிழலில் சோலை மரக் கன்றுகள் தலைகாட்டியிருக்கும். பக்கத்துச் சோலையில் பழம் தின்ற பறவைகள் போட்ட விதை. உறைபனி படாத நிழலைத் தந்தது அந்நிய மரம். அங்கே ஒரேயடியாக வெட்டினால் கன்றும் போகும். அப்படிப்பட்ட இடத்தில் மெல்ல மெல்லக் கழிக்கலாம், புல்வெளி ஓரத்தில் புதிதாகப் பரவுவதை உடனே பிடுங்கலாம் என்பது எனக்குச் சரியாகப்படுகிறது. என் நண்பர்களில் பாதிப் பேருக்கு இது பிடிக்காது, எல்லாம் போக வேண்டும் என்பார்கள்.

நிஜச் சோலையைப் பார்க்க எங்கே போகலாம்?

கோத்தகிரியில் லாங்வுட் சோலை. 116 ஹெக்டேர்தான், ஊரை ஒட்டியே இருக்கிறது. சுற்றியுள்ள ஊர்களுக்குக் குடிதண்ணீர் அதன் ஊற்றுகளிலிருந்துதான் வருகிறது. 2024-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகாதீர்கள். கூட்டமாகப் போகாதீர்கள்.

காலை எட்டு மணிக்குப் போனால் நல்லது. வெளியே வெயில் சுள்ளென்று இருக்கும், இரண்டு அடி உள்ளே வைத்ததும் சட்டை ஈரமாகிற மாதிரி ஒரு குளிர். தரை காலடியில் மெத்தை மாதிரி அமுங்கும். சீகைத் தோப்பில் நடந்தால் சருகு சரசரக்கும், இங்கே சத்தமே வராது. அந்த ஒரு வித்தியாசத்தைக் காதில் வாங்கிக்கொண்டால் போதும், இனி எந்தத் தோப்பைப் பார்த்தும் காடு என்று ஏமாற மாட்டீர்கள். வழியில் தவிட்டுப்பழம் கண்ணில் பட்டால் ஒன்றிரண்டு தின்னலாம். நாக்கு ஊதா நிறமாகும்.

கடைசியாக ஒன்று. இவ்வளவு திட்டிவிட்டீர்கள், நீலகிரித் தைலம் வாங்கலாமா கூடாதா?

வாங்குங்கள். எங்கள் வீட்டிலும் ஒரு புட்டி எப்போதும் இருக்கும், மழைக்காலத்தில் அது இல்லாமல் முடியாது. இலையைக் காய்ச்சித்தான் எடுக்கிறார்கள். மரம் அங்கேயேதான் நிற்கிறது.